கச்சான் காத்தில கடற்கரைக் கலியாணம், பொக்கே வாடாமல் நிக்க வழி இருக்கா?

உப்புவெளிப்பூக்காரி

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, வீட்டில வச்சு பொக்கே, மாலை, மேசை அலங்காரம் எல்லாம் ஓடருக்கு செய்து குடுக்கிறன். சாமத்தியவீடு, மண்டபத்துக் கலியாணம் எண்டா எனக்குப் பயமில்லை, உள்ளுக்க ஃபேன் ஓடும், பூ இரவு வரைக்கும் ஒரு மாதிரி நிண்டு பிடிக்கும். இப்ப வந்திருக்கிற ஓடர் தான் நித்திரையைக் கெடுக்குது. ஆடி மாசக் கடைசியில நிலாவெளியில கடற்கரைக் கலியாணம், பொம்பிளை கனடாவில இருந்து வாறா, வெள்ளை ரோஸும் பேபிஸ் பிறெத் எண்ட பொடி வெள்ளைப் பூவும் தான் வேணுமாம், படம் படமா அனுப்புறா, எல்லாம் குளிர் நாட்டில எடுத்த படம். பின்னேரம் 4 மணிக்கு எழுத்து (கலியாணப் பதிவு), பிறகு போட்டோ, பிறகு சாப்பாடு. ஆடியில எங்கட கச்சான், அந்த வறண்ட தென்மேல் காத்து, எப்பிடி அடிக்கும் எண்டு தெரியும் தானே, காயப்போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில மொறுமொறுப்பாகுது, பூ என்ன பாடுபடும்.

ரோஸ் நுவரெலியாப் பக்கத்தில இருந்து கண்டிக்கு வந்து அங்க இருந்து பஸ்ஸில வரும். மேசைக்கு அந்தூரியமும் ஓர்க்கிட்டும் எடுக்க யோசிக்கிறன். எல்லாத்தையும் முதல் நாளே எடுத்து வீட்டு பிரிட்ஜில அடுக்கி வைக்கலாமோ? பெரிய கூலர் வாங்க இப்போதைக்கு வழி இல்லை.

இன்னொண்டும் கேக்கோணும். ஆடியும் மார்கழியும் தான் எனக்கு மூச்சு விடுற மாசம், எங்கட ஆக்கள் கலியாணம் வைக்காயினம், அந்த நேரம் தான் தையல் மிசினைத் திறக்கிறதும், பின்னேரம் பிள்ளையளோட டச்பேயில கால் நனைக்கிறதும். வெளிநாட்டில இருந்து வாற ஆக்கள் பள்ளிக்கூட லீவைப் பாத்து வாறபடியா ஆடி, ஆவணி எண்டு பாக்கினம் இல்லை, இருந்த லீவும் போகுது. நீங்கள் எல்லாம் எப்பிடிச் சமாளிக்கிறியள்?

பழைய_பூக்கடை

தங்கச்சி, அந்தூரியத்தையும் ஓர்க்கிட்டையும் பிரிட்ஜுக்குள்ள வச்சிராதைங்கோ, அதை முதல் சொல்லிப்போட்டு மிச்சத்துக்கு வாறன். ரெண்டும் வெக்கை நாட்டுப் பூ, 10 டிகிரிக்குக் கீழ போனா அந்தூரியம் கறுக்கும், ஓர்க்கிட் கண்ணாடி மாதிரி ஈரப்பட்டு இதழ் தொங்கும், அதுவும் உள்ளுக்க இருக்கேக்க தெரியாது, வெளியில எடுத்தாப்பிறகு தான் காட்டிக்குடுக்கும். வீட்டில நிழலான அறையில வாளித் தண்ணியில நிப்பாட்டி, மேல ஈரத்துணி போட்டாலே போதும். அந்தூரியம் ஒழுங்கான தண்ணியில ரெண்டு கிழமை நிக்கிற பூ, அதுக்கு ஏன் குளிர்.

ரோஸ் வேற சாதி, அதுக்கு 2ல இருந்து 4 டிகிரி நல்லம். ஆனா வீட்டு பிரிட்ஜில மாம்பழம், வாழைப்பழம் கிடந்தா எல்லாத்தையும் வெளியில எடுங்கோ. பழத்தில இருந்து எதிலீன் எண்டு ஒரு வாயு வரும், பழத்தைப் பழுக்க வைக்கிறதும் அது தான், பூவைக் கிழடாக்கிறதும் அது தான். கார்னேஷன் அதைக் கண்டவுடன மூடிப் படுத்திடும், பேபிஸ் பிறெத்தும் மண்ணிறமாச் சுருளும். தம்புள்ளையில பழம் ஏத்தின லொறியில பூப்பெட்டியையும் போட்டு அனுப்புற ஆக்களோட நான் வாய்ச்சண்டை பிடிக்காத மாசம் இல்லை.

ரோஸ் வந்த உடன பெட்டியைத் திறந்து, தண்ணிக்குள்ள நிக்கப்போற இலை முழுக்கக் கழட்டி, தண்டை வாளித் தண்ணிக்குள்ள பிடிச்சபடியே ஒரு இஞ்சி சரிவா வெட்டுங்கோ. வெளியில வச்சு வெட்டினா தண்டுக்குள்ள காத்துக்குமிழ் ஏறி அடைக்கும், கழுத்து மடிஞ்சு தலை தொங்கிறதுக்குப் பாதிக் காரணம் அது தான், பூ செத்தெண்டு எறிஞ்சு போடாதைங்கோ, திரும்ப வெட்டிக் கழுத்தளவு தண்ணியில விட்டா கன பூ எழும்பும். இரவு முழுக்க தண்ணி குடிக்கோணும். ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி சீனி, ரெண்டு தேக்கரண்டி தேசிக்காய்ப்புளி, உடுப்பு வெளுக்கிற பிளீச் அரைத் தேக்கரண்டி. சீனியை மட்டும் போடுற ஆக்கள் இருக்கினம், அது பக்ரீரியாவுக்குச் சாப்பாடு போடுற வேலை, தண்ணி மணக்கிறதும் தண்டு அழுகிறதும் தான் மிச்சம்.

கையில பிடிக்கிற பொக்கேயை தண்டுகள் எல்லாத்தையும் ஒரே பக்கம் சரிச்சுச் சுழட்டிக் கட்டுங்கோ, கீழ்ப்பக்கம் தண்டைத் திறந்தபடி விட்டுட்டு பிடிக்கிற இடத்தில மட்டும் ரிப்பன் சுத்துங்கோ. அப்ப தான் எழுத்துக்குப் போற கடைசி நிமிசம் வரைக்கும் தண்ணிக்குள்ள நிப்பாட்டலாம், போட்டோ முடிஞ்சு சாப்பாட்டுக்கு இருக்கேக்க திரும்பத் தண்ணிக்குள்ள வைக்கலாம். ஈரம் சொட்டாமல் துடைக்க பொம்பிளைக்குப் பக்கத்தில நிக்கிற பிள்ளையிட்ட ஒரு துவாயைக் குடுத்து விடுங்கோ, சாறியில தண்ணி பட்டா உங்களுக்குத் தான் பேச்சு.

என்ர அபிப்பிராயம் கேட்டா, நடுவில ஆறேழு ரோஸ் வச்சு, சுத்திவர வெள்ளை டென்ட்ரோபியம் ஓர்க்கிட்டைப் போடுங்கோ. அது மெழுகு மாதிரித் தடிச்ச இதழ், காத்துக்கு அசையாது. பேபிஸ் பிறெத்தை ஒரு பிடி மட்டும். பொம்பிளைக்கு மாதிரி ஒண்டு கட்டி, வெயிலில ஒரு மணித்தியாலம் வச்சு, முன்னுக்கும் பின்னுக்கும் படம் எடுத்து அனுப்புங்கோ, வாயால விளங்கப்படுத்திறதிலும் பாக்க அது வேலை செய்யும்.

சும்மா_வந்தவன்

துணிப்பூ வாங்கிக் கட்டிக் குடுத்தா வாடுற கதையே இல்லையே, தூரத்தில பாக்க ஒண்டும் தெரியாது. ஏன் இவ்வளவு கஸ்டம்.

மட்டுநகர்_அக்கா

தம்பி, பக்கத்தில இருந்து போட்டோ எடுக்கிற காலம் இது, நூல் பிரிஞ்சது கூடத் தெரியும். காசு வாங்கிறது உயிர்ப்பூவுக்கு.

பிள்ளை, பழைய கடைக்காரர் பொக்கேயைச் சொல்லிப்போட்டார், நான் மேடையையும் மேசையையும் சொல்லுறன். எங்கட பக்கமும் அதே கச்சான் தான். ஒயாசிஸ் கட்டி, அது தான் பூக் குத்துற பச்சை நுரைக்கட்டி, பாவிக்கிறதெண்டா தண்ணியில அமத்தாதைங்கோ, மேல போட்டு தன்ர பாட்டில தாழ விடுங்கோ, அமத்தினா நடுவில காத்து நிண்டு காஞ்சபடி இருக்கும், அதில குத்தின பூ பகலுக்கே தொங்கும். அதோட அந்தப் பச்சைக் கட்டியை உலகம் முழுக்கப் பாவிக்கிறாங்கள் எண்டாலும் அது ஒரு பிளாஸ்டிக் தான், உக்காது, கடற்கரையில உதிர்ந்த தூள் நேர கடலுக்குப் போகும். புறாத்தீவுக்குப் பவளப்பாறை பாக்கவெண்டு சனம் வாற ஊரில அது எனக்கு மனசுக்குச் சரியில்லை. கோழிக்கூட்டு வலையை உருண்டையாச் சுருட்டி மண்சட்டிக்குள்ள அமத்தி, தண்ணி ஊத்திக் குத்துங்கோ, அடியில ரெண்டு கல்லுப் போட்டா காத்துக்கும் சட்டி விழாது.

வாசல் வளைவுக்கு ரோஸை மறந்திடுங்கோ. தென்னங்குருத்து, கமுகம்பாளை, குரோட்டன் இலை, இதெல்லாம் உங்கட ஊரிலயே கிடக்கு, எந்தக் காத்துக்கும் நிக்கும். தாமரை ஆசைப்பட்டு கந்தளாய்ப் பக்கம் ஓடாதைங்கோ, இதழை மடிச்சு விட்டாப்பிறகு கன நேரம் நிக்காது, விளிம்பு கறுக்கும். கேக் மேசைக்குப் பூ கேட்டா மல்லிகையோ ரோஸோ வைங்கோ, வேலியில வெள்ளையா அழகா நிக்குதெண்டு அலரியைப் பிடுங்கி வைச்சிராதைங்கோ, இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. மஞ்சள் அலரியும் அப்பிடித் தான்.

லீவுக் கதைக்கு வாறன். நான் ஆடியில மாசத்துக்கு ஒரு ஓடர் மட்டும் எடுக்கிறது, அதுக்கு மற்ற மாசத்து விலையை விடக் கூட. இல்லையெண்டு சொல்லிப் பழகோணும் பிள்ளை. மிச்ச நாளில நான் கிரிக்கெட் பாக்கிறன், டிவிக்கு முன்னால இருந்து மாலை கூடக் கட்டமாட்டன், கையை மடக்கிக்கொண்டு இருப்பன்.

உப்புவெளிப்பூக்காரி

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. மாதிரி பொக்கே ஒண்டு கட்டி இண்டைக்கு மத்தியானம் மாடியில வச்சன், ரோஸ் விளிம்பு பழுத்துப்போச்சு, ஓர்க்கிட் அப்பிடியே நிக்குது. படத்தை அனுப்பினன், பொம்பிளை இன்னும் பதில் போடேல்ல, தாய்க்காரி மட்டும் ஓர்க்கிட் எண்டா விலை குறையுமோ எண்டு கேட்டு வொய்ஸ் போட்டிருக்கிறா. அண்ணா, பஸ்ஸில பெட்டியை எங்க வைக்கச் சொல்லுறது? போன முறை பின்னுக்கு டிக்கிக்குள்ள போட்டு அவிஞ்சு வந்தது.

பழைய_பூக்கடை

இரவு பஸ் தான், பகல் பஸ்ஸில வேண்டவே வேண்டாம். பின் டிக்கியில சூடு சேரும், கொண்டக்டரிட்ட ஒரு சீற்றுக் காசைக் குடுத்து உள்ளுக்க சீற்றிலயே வைக்கச் சொல்லுங்கோ. பெட்டிக்குள்ள ஐஸ் போடுறதெண்டா போத்தலில உறைய வச்சு பேப்பரில சுத்தித் தண்டுப் பக்கம் வைக்கோணும், பூவில முட்டக்கூடாது. விடியப்புறம் பஸ் ஸ்டாண்டில நீங்களே நிண்டு எடுங்கோ, ஓட்டோக்காரரை அனுப்பினா அவர் தேத்தண்ணி குடிச்சிட்டுத் தான் வருவார்.

தாய்க்காரிக்கு விலை குறையாது எண்டு இப்பவே சொல்லிப்போடுங்கோ.