178 நீள ஸ்கீ, பழைய பைண்டிங், கையில 30,000 ரூவா: எடுக்கலாமா வேணாமா?

மண்டபம்_மச்சான்:
வணக்கம் மக்களே. மண்டபத்துல உக்காந்துக்கிட்டு ஸ்கீ (பனியில சறுக்குற நீளப் பலகை) பத்தி கேக்குறான்னு சிரிக்காதீங்க. போன பிப்ரவரி காஷ்மீர் குல்மார்க்ல 14 நாள் கோர்ஸ் போனேன், ஸ்கீ பூட்ஸ் எல்லாம் அங்கயே குடுத்தாங்க, கடைசி மூணு நாள்தான் விழாம திரும்பவே வந்துச்சு, அதுல இருந்து அதே நெனப்பாத்தான் இருக்கு. வர்ற ஜனவரி மறுபடி போறேன், இந்த தடவ கோர்ஸ் இல்லாம சொந்தமா. சாமானுக்குன்னு ஒதுக்குனது 30,000. டொரண்டோவுல இருக்க பெரியப்பா மகன் டிசம்பர்ல ஊருக்கு வர்றான், அவன் பழைய ஸ்கீ, பூட்ஸ் ரெண்டையும் சும்மா தர்றேங்கிறான், ஏர்லைன்ஸ் பேக்கேஜ் காச மட்டும் நான் குடுக்கணும். ஸ்கீ 178 செ.மீ, நடு அகலம் 98 மி.மீ, பைண்டிங் (பூட்ஸ ஸ்கீயோட பிடிச்சு வைக்கிற கவ்வி) 2011ல மாட்டுனதாம். நான் 172 செ.மீ, 68 கிலோ. அவன் 92 கிலோ, பத்து வருசத்துக்கு மேல ஓட்டுறவன். அவன் கால் 28.5 செ.மீ, என் கால் 26.5, ரெண்டு சாக்ஸ் போட்டா சரியாயிரும்ங்கிறான். எடுத்துக்கவா?

சாயல்குடி_சர்வீஸ்:
தாராளமா எடு தம்பி. நான் எக்ஸ் சர்வீஸ், குல்மார்க்ல ஹை ஆல்டிட்யூட் வார்ஃபேர் ஸ்கூல்ல பனிக்கால கோர்ஸ் பண்ணவன். எங்களுக்கு ஸ்டோர்ல என்ன குடுத்தானோ அதத்தான் மாட்டுனோம், உன் உயரம் என்ன எடை என்னன்னு ஒருத்தன் கேக்கல. நீள ஸ்கீதான் நேரா போகும், வேகத்துல ஆடாது, புதுப்பனியில முங்காது. குட்ட ஸ்கீயில பழகுனவன் கடைசி வரைக்கும் குட்ட ஸ்கீதான். நம்ம ஊரு வள்ளத்தையே பாரு, நீளமான வள்ளம்தானே அலையில தத்தளிக்காம போகுது.

உச்சிப்புளி_உப்பு:
அண்ணே அந்த நீள வள்ளத்த திருப்பிப் பாத்திருக்கீங்களா 😂

மச்சான் நான் ஒண்ணு சொல்றேன் கோவிச்சுக்காத, நீ இருக்கிறது மண்டபம், இந்தப்பக்கம் பாக் ஜலசந்தி அந்தப்பக்கம் மன்னார் வளைகுடா, ரெண்டு கடல் உப்புக்காத்தும் உன் வீட்டுக்குள்ளதான் வீசுது. எங்க வீட்டு கேட்டு கொண்டி வருசத்துக்கு ஒண்ணு மாத்துறோம், சைக்கிள் செயின் மழைக்காலம் தாண்டாது. ஸ்கீயோட ஓரம் பூரா இரும்பு பட்டை, பைண்டிங்குக்குள்ள ஸ்பிரிங். வருசத்துல பத்து நாள் ஓட்டுறதுக்கு மிச்ச 355 நாள் துருவுக்கு காவல் இருக்கப் போறியா? எல்லாத்தையும் அங்கயே வாடகைக்கு எடு, காச செலவுக்கு வச்சுக்க.

மண்டபம்_மச்சான்:
வாடகைக்கு எடுத்தா தினம் ஒரு ஸ்கீ தர்றாங்க உப்பு, நேத்து பழகுனது இன்னைக்கு கையில இருக்காது. கோர்ஸ்லயே அத அனுபவிச்சேன்.

கால்கரி_கீழக்கரை:
கீழக்கரைக்காரன், இப்ப கனடாவுல கால்கரியில. ஏழு சீசன் ஸ்கீ கடையில பார்ட் டைம் வேல பாத்திருக்கேன், பைண்டிங் மாட்டுறதுதான் என் டேபிள். நீளத்த அப்புறம் பேசுவோம், எல்லாரும் அதுலயே நிக்கிறீங்க.

மொதல்ல பைண்டிங். அது எதுக்கு இருக்குன்னா நீ விழுறப்ப பூட்ஸ விட்டுக் குடுக்குறதுக்கு. நங்கூரம் கடலடிப் பாறையில மாட்டிக்கிச்சு, காத்து ஏறுது, அப்ப கயித்த அறுத்து விடுவோம்ல, அந்த வேல. எவ்வளவு முறுக்குனா விடணும்ங்கிறதுக்கு ஒரு எண் இருக்கு, டின் நம்பர்னு சொல்லுவாங்க. அது உன் எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடி நீளம், எந்த மாதிரி ஓட்டுவ, அஞ்சையும் வச்சு அட்டவணையில பாத்து வைக்கிறது. 50 வயசு தாண்டுனா ஒரு படி கொறைப்பாங்க. உன் எடைக்கு, கத்துக்கிற ஆளுக்கு, 5க்கு அக்கம்பக்கம் வரும். உன் அண்ணன் 92 கிலோ, வேகமா ஓட்டுறவன், அவனுக்கு வச்ச எண்ணுல நீ விழுந்தா ஸ்கீ கழண்டு போகாது, உன் கால்தான் திரும்பும்.

அவன்கிட்ட ரெண்டு போட்டோ கேளு. ஒண்ணு பைண்டிங் முன்பக்கம் சின்ன ஜன்னல் மாதிரி இருக்கும், அதுல அளவு எதுல ஆரம்பிச்சு எதுல முடியுதுன்னு. இன்னொண்ணு பூட்ஸ் குதிகாலுக்கிட்ட பிளாஸ்டிக்ல மி.மீ எண் அச்சடிச்சிருக்கும், 305, 325 இப்படி. அது ரெண்டையும் பாக்காம சும்மா குடுத்தாலும் வாங்காத.

சாயல்குடி_சர்வீஸ்:
கடைக்காரங்க பயமுறுத்தித்தான் யாவாரம் பண்ணுவாங்க. ஸ்க்ரூ டிரைவர் எடுத்து நம்பர கொறச்சா தீர்ந்துச்சு, இதுக்கு என்ன அட்டவணை. எங்க ஆளு ஒருத்தன் புது பைண்டிங்ல, சரியான நம்பர்லதான் ஓட்டுனான், முழங்கால் ஜவ்வு அந்து ஊருக்கு வந்தான். அப்ப உங்க அட்டவணை எங்க போச்சு?

கால்கரி_கீழக்கரை:
அண்ணே அது உண்மைதான், மறுக்கல. இந்த பைண்டிங் கண்டுபிடிச்சதே கெண்டக்கால் எலும்பு ஒடையாம இருக்கத்தான், முழங்கால் ஜவ்வுக்கு இதுல பெரிய காவல் கெடையாது. அதுக்காக எலும்புக்கு இருக்க காவலையும் வேணாம்னு சொல்வீங்களா?

பாம்பன்_பொண்ணு:
நான் பட்டத சொல்றேன். உத்தரகாண்ட் ஔலியில ஒரு வாடகைக் கடை, பேரு வேணாம். வரிசையில நின்னோம், கால் சைஸ் மட்டும் கேட்டான், எடை கேக்கல, மாட்டி விட்டான். எனக்கு 54 கிலோ, முன்னாடி எவனுக்கு வச்ச எண்ணோ அப்படியே இருந்திருக்கு. வேகமா வந்தெல்லாம் விழல, கிட்டத்தட்ட நின்னுக்கிட்டே இருந்தேன், இடது ஸ்கீ பனிக்குள்ள சொருகிருச்சு, நான் வலது பக்கம் மெதுவா சாயுறேன், அந்த டக்குங்கிற சத்தம் வரும் வரும்னு பாக்குறேன், வரவே இல்ல. கணுக்காலுக்கு மேல சுருக்குனு ஒரு வலி. ஆறு வாரம் கட்டு, பாம்பன்ல எல்லாரும் எங்க பைக்ல விழுந்தியான்னு கேட்டாங்க, பனியிலன்னு சொன்னா நம்பல.

அதனால வாடகைன்னா சேஃப்னு உப்பு அண்ணன் சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். வாடகைன்னாலும் எண்ண நாமதான் குனிஞ்சு பாக்கணும், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, ரெண்டு கால்லயும்.

நீளம் கேட்டா என் ஓட்டு 160க்கு. மூக்குக்கும் தாடைக்கும் நடுவுல நிக்கணும், கத்துக்கிறவங்களுக்கு அது போதும்.

சாயல்குடி_சர்வீஸ்:
தங்கச்சி கால் சரியாச்சா? சரி, அந்த கடைக்காரன் பண்ணது தப்பு, எடை கேட்டிருக்கணும். ஆனா 160 எல்லாம் ஒத்துக்க முடியாது. தம்பி குல்மார்க் கொண்டோலாவுல (கேபிள் கார்) மேல அஃபர்வட் மலைக்கு போவான்ல, அங்க சமப்படுத்துன தடமே கெடையாது, புதுப்பனி தொடை வரைக்கும், அதுல 160 வச்சுக்கிட்டு மூக்கு குத்தி நிப்பான்.

கால்கரி_கீழக்கரை:
இதுல அண்ணன் சொல்றதுல பாதி சரி. இப்ப வர்ற ஸ்கீ நெறைய முன்னாடி வளஞ்சு தூக்கியே இருக்கும், ராக்கர்னு பேரு, தரையில படுற நீளம் கம்மி, அதனால அதே ஆளு பழைய கணக்க விட கொஞ்சம் நீளமா எடுக்கலாம். புதுப்பனிக்கு நீளமும் அகலமும் வேணும்தான். ஆனா 68 கிலோ ஆளு மொத வருசத்துல அஃபர்வட்டுக்கு எதுக்கு போறான், கொண்டோலா எறக்கி விடுற எடமே கிட்டத்தட்ட 3,950 மீட்டர், பனிச்சரிவு நடக்குற எடம். கீழ ஆரம்ப சரிவுலதான் ஒரு சீசன் போகும். அங்க 178ஐ வளைக்க அவன் எடை பத்தாது. உயரத்த விட எடைதான் முக்கியம், ஸ்கீக்கு உன் மூஞ்சி எந்த உயரத்துல இருக்குன்னு தெரியாது, எவ்வளவு அமுக்குறன்னுதான் தெரியும். 160ல இருந்து 168க்குள்ள, நடு அகலம் 75, 80 போதும்.

மண்டபம்_மச்சான்:
போட்டோ வந்துருச்சு. பைண்டிங் ஜன்னல்ல 6ல இருந்து 16 வரைக்கும். பூட்ஸ்ல 325.

கால்கரி_கீழக்கரை:
பாத்தியா. ஆரம்பமே 6. சர்வீஸ் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரோட வந்தாலும் 5க்கு எறக்க முடியாது, கீழ எண்ணே இல்ல. எப்பவும் நமக்கு வேண்டிய எண் அந்த அளவோட நடுவாக்குல வரணும், உனக்குன்னா 3ல இருந்து 10 வரைக்கும் உள்ளது, அதுதான் வெலையும் கம்மி, பெரிய எண் வாங்குனா கெத்துன்னு நெறைய பேரு ஏமாறுறாங்க. அப்புறம் 2011 மாடலுக்கு கம்பெனி இன்னும் பொறுப்பு ஏக்குதான்னு வேற பாக்கணும், வருசா வருசம் லிஸ்ட் விடுவாங்க, அதுல பேரு இல்லன்னா இங்க எந்த கடையும் அத தொடாது. உன் 26.5 காலுக்கு பூட்ஸ் அடி 305 கிட்ட வரும், பைண்டிங்கோட பின் பிடிய 2 செ.மீ முன்னாடி தள்ள எடம் இருக்கணும், இல்லன்னா ஸ்கீயில புதுசா ஓட்ட போடணும்.

உச்சிப்புளி_உப்பு:
ராம்நாட்ல ஸ்கீக்கு யாரு ஓட்ட போடுவா, கட்டில் பாக்குற ஆசாரியா? 😂 அவரு பிளைவுட்டுன்னு நெனச்சு அந்தப்பக்கம் வரைக்கும் எறக்கிருவாரு.

பாம்பன்_பொண்ணு:
ரெண்டு சைஸ் பெரிய பூட்ஸ தயவுசெஞ்சு எடுக்காத மச்சான். கால் உள்ள ஆடுச்சுன்னா ஸ்கீ நீ சொல்ற பேச்ச கேக்காது. கடையில போட்டுப் பாக்குறப்ப உள்ள இருக்க மெத்தைய உருவிட்டு வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள கால விடு, விரல் முன்னாடி லேசா முட்டணும், குதிகாலுக்குப் பின்னாடி ஒரு விரல், ஒன்ற விரல் நுழையணும். அதான் அளவு.

மண்டபம்_மச்சான்:
இன்னொரு சேதி. அண்ணன் வீடியோ கால்ல பூட்ஸ் கொக்கிய மாட்டிக் காட்டுறேன்னு அமுக்குனான், கொக்கி பக்கத்துல பிளாஸ்டிக் படார்னு கீறிருச்சு. ஆறு வருசமா பேஸ்மென்ட்ல கெடந்ததாம்.

கால்கரி_கீழக்கரை:
பிளாஸ்டிக் வயசானா அப்படித்தான் தம்பி. உன் காலுக்குள்ள இருந்து ஒடையாம போச்சே. 30,000த்துல சரியான பூட்ஸ் ஒண்ணு வாங்கு, போன சீசன் மாடல் பாரு. அடி ரப்பரா வளஞ்சு இருந்தா அது கிரிப்வாக், எல்லா பழைய பைண்டிங்லயும் அது உக்காராது, வாடகைக் கடையில கேட்டு எடு. ஸ்கீ இந்த வருசம் வாடகையிலயே ஓடட்டும், ஒரே ஸ்கீய மொத்த நாளுக்கும் பேசி எடுத்துக்க. ஊருக்கு வந்ததும் பூட்ஸ் மெத்தைய உருவி காய வை, இரும்பு கொக்கிய நல்ல தண்ணி துணியால தொடச்சு வை, உப்பு சொன்ன உப்பு நெசம்.

மண்டபம்_மச்சான்:
சரி கீழக்கரை காக்கா. பூட்ஸ் சொந்தம், ஸ்கீ 163 வாடகை. அண்ணன்கிட்ட வேணாம்னு சொன்னதுக்கு சும்மா குடுக்குறத வேணாங்கிறியான்னு பேசாம வச்சுட்டான், பெரியம்மா வேற போன் பண்ணி கேக்குறாங்க.

சாயல்குடி_சர்வீஸ்:
163ஆ. எடுத்துக்க. குல்மார்க்ல எவனாச்சும் கேட்டா சாயல்குடி ஆளு சொல்லித்தான் எடுத்தேன்னு மட்டும் சொல்லிராத.

உச்சிப்புளி_உப்பு:
பெரியம்மா மனசு ஏன் கஷ்டப்படணும், அந்த 178 ரெண்டையும் கொண்டாரச் சொல்லு, பேக்கேஜ் காசு நான் தர்றேன். மாடியில ரெண்டு கல்லுக்கு நடுவுல வச்சா நெத்திலி காயப்போட நீளம் சரியா இருக்கும்.