மறு: மறு: ஸ்கைக்ளோவுக்குத் தமிழ்ச்சொல் — 'ஊரொளி'யைத் திரும்பப் பெறுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஊர் விளக்குகளால் இரவு வானம் வெளுத்துத் தெரிகிறதே, ஆங்கிலத்தில் ஸ்கைக்ளோ, அதற்குப் போன வாரம் 'ஊரொளி' என்று முன்மொழிந்தவன் நான்தான். நன்றாக இருக்கிறதே என்று ஏழெட்டுப் பேர் எழுதியும் விட்டீர்கள். இப்போது நானே அது வேண்டாம் என்கிறேன். காரணம், கொடைக்கானல் மேல்மலையில் ஒரு பள்ளிக்கூடம்.

வானம் பார்ப்பதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். "ஒளி மாசுன்னா என்ன, யாராச்சும் சொல்லுங்க பாப்போம்" என்று ஆரம்பித்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் துள்ளி எழுந்து, "பஸ் ஹாரன் சார்" என்றான். பக்கத்து வரிசையிலிருந்து ஒரு பெண், "திருவிழாவுல கட்டுற ரேடியோ செட்டு." பின்னால் இருந்த ஆசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கரும்பலகையில் 'ஒளி' என்று பெரிதாக எழுதிக் காட்டினார். தப்பு என் நாக்கில். வாலைப்பலம் என்று சொல்லி வளர்ந்த நாக்கு. அதற்கு ஒளியும் ஒலியும் ஒன்றுதான். ஆனால் தமிழ் பேசுகிறவர்களில் நிறையப் பேருக்கு என் நாக்குதான் இருக்கிறது. 'ஒளி மாசு' பாடப்புத்தகம் வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டது, அதை இனி அசைக்க முடியாது. புதிதாக ஒரு சொல்லைச் செய்யும்போதும் அதே குழியில் விழ வேண்டுமா? 'ஊரொளி' என்று நான் சொன்னால் கேட்கிறவர் காதில் விழுவது ஊர்ச் சத்தம்.

ஆகவே: ஊர்வெளிச்சம். 'வெலிச்சம்' என்று ஒரு சொல் தமிழில் கிடையாது. எப்படி உச்சரித்தாலும் குழப்பம் வராது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி. கொடைக்கானலைச் சுற்றி எங்கே நின்றால் விண்மீன்கள் நன்றாகத் தெரியும் என்று ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். விளக்குகளின் வெளிச்சம் மேலே போய், காற்றிலும் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானத்தையே வெளுக்க வைக்கிறதே, அந்த வெளுப்புக்குத்தான் சொல் தேடுகிறோம். கையேட்டில் பக்கத்துக்கு இரண்டு முறையாவது அது வருகிறது.

சொல் எனக்குக் கிடைத்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறையில் அடுக்கடுக்காக இறங்கும் பூண்டு வயல் ஒன்றின் வரப்பில், அமாவாசைக்கு மறுநாள், குளிரில் பல் கிட்டித்துக்கொண்டு நின்றிருந்தேன். வயல்காரர் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு துணைக்கு வந்திருந்தார், காட்டுமாடு வரும் என்று. கிழக்கே முகட்டுக்கு மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெளுப்பு. நிலா எழப்போகிறதோ என்று ஒரு நொடி நானே ஏமாந்தேன். அவர் சொன்னார்: "அது கொடைக்கானல் வெளிச்சம் சார். சீசன்ல இன்னும் தூக்கலா இருக்கும்." வடக்குப் பக்கம் கையைக் காட்டி, "மேகம் இருந்தா அங்கன பழனி வெளிச்சம் தெரியும்" என்றார். கவனியுங்கள், வானத்தின் பெயரை அவர் எடுக்கவே இல்லை. எந்த ஊரின் வெளிச்சம் என்பதுதான் அவருக்குப் பெயர். மேகம் வந்தால் ஊர்வெளிச்சம் கூடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன்.

> 'வானொளிர்வு' என்று சிலர் எழுதுகிறார்களே, புதுச்சொல் எதற்கு?

அந்தப் பெயருக்கு வேறொருவர் உரிமைக்காரர். மனித வாடையே இல்லாத இடத்திலும், நிலா இல்லாத இரவிலும் வானம் முழுக் கறுப்பாக இருப்பதில்லை. 90–100 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் சூரியன் பிரித்துப்போட்ட அணுக்கள் இரவில் மறுபடி சேரும்போது மெல்லிய ஒளி விடுகின்றன. ஆக்சிஜனின் பச்சைக்கு 557.7 நானோமீட்டர் அலைநீளம். வானம் தானாக ஒளிர்வது அது, ஆங்கிலத்தில் ஏர்க்ளோ. 'வானொளிர்வு' என்ற அழகான சொல்லை அதற்குக் கொடுப்பதே நியாயம். தெருவிளக்கு செய்த காரியத்துக்கும் அதே பெயரைக் கொடுத்தால், நல்ல இருட்டில் முதன்முறை நிற்கிறவர், "வானம் லேசாக வெளுத்திருக்கிறதே, இங்கேயும் மாசா?" என்று கேட்பார். கேட்டிருக்கிறார்கள்.

> ஊர் என்றால் கிராமம் போல இருக்கிறது. பெருநகரம், தொழிற்சாலை, சுங்கச்சாவடி இவையெல்லாம் ஊரா?

"சொந்த ஊர் எது?" என்று கேட்டால் சென்னைக்காரர் "எனக்கு ஊரே கிடையாது" என்றா சொல்கிறார்? ஊருக்குத் தமிழில் அளவு இல்லை. தனித்து நிற்கும் சுங்கச்சாவடி ஒரு குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் துறையின் கணக்கே ஊரை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. 1970களில் மெர்லே வாக்கர் என்ற வானியலாளர் கலிபோர்னியா நகரங்களின் வெளிச்சத்தை அளந்து ஒரு வாய்பாடு தந்தார். அதற்குள் போடுவது இரண்டே எண்கள்: ஊரின் மக்கள்தொகை, ஊரிலிருந்து தூரம். மக்கள்தொகை கூடக் கூட வெளிச்சம் அதே விகிதத்தில் கூடும். தூரத்தின் இரண்டரை அடுக்கில் குறையும். அதாவது, தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஊர்வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். வண்டியில் இன்னொரு அரைமணி நேரம் போகலாமா, இங்கேயே முக்காலியை விரிக்கலாமா என்று தடுமாறுகிறவருக்கு இந்த ஒரு வரி போதும். பழைய விளக்குகளை வைத்துப் போட்ட கணக்கு அது. இப்போதைய வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் அதிகம், நீலம் அதிகமாகச் சிதறும். மலை குறுக்கே நின்றாலும் கணக்கு மாறும். ஆனாலும் முதல் மதிப்பீட்டுக்கு உதவுகிறது.

> நிகண்டுகளில் 'ஊர்கோள்' என்பது நிலாவைச் சுற்றிய வட்டம். மயக்கம் தராதா?

அகராதி புரட்டுகிற நம் பத்துப் பேருக்குத் தரும். ஊரில் அதை "நிலா கோட்டை கட்டியிருக்கு" என்பார்கள். ஊர்கோளைத் தேடி வருகிறவர் ஊர்வெளிச்சத்தில் இடறி விழமாட்டார்.

> சொல் நீளம்.

ஆமாம். 'கொடைக்கானல் வெளிச்சம்', 'தேனி வெளிச்சம்' என்று ஊர்ப்பெயரை முன்னால் போட்டால் அதுவே சுருங்கிவிடுகிறது. இந்த வசதிதான் கையேட்டில் எனக்குப் பெரிய லாபம். எழுதிய ஒரு பத்தியைத் தருகிறேன், சொல் நடைமுறையில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள்:

"கொடைக்கானல் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கில் இருப்பதால் துருவமீன் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில்தான் நிற்கும், பழனி வெளிச்சம் அதை எளிதில் விழுங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தெற்குச்சிலுவை விண்மீன்கூட்டம் தெற்கே 20 பாகை உயரம் வரும். ஆனால் நகரத்தின் தெற்குச் சரிவில் நின்று பார்த்தால் நேர் கீழே பெரியகுளம், தேனி. சிலுவையின் அடிக்கால் தேனி வெளிச்சத்தில் நனைந்திருக்கும். மேற்கே மன்னவனூர், கவுஞ்சி பக்கம் போனால் அதற்கப்பால் பெரும்பாலும் காடும் புல்வெளியும்தான். எனவே மேற்கில் சாயும் விண்மீன்களை இங்கே கடைசிவரை பார்க்கலாம். சில இரவுகளில் சமவெளி முழுவதும் தாழ்ந்த மேகம் மூடிக்கொள்ளும், மலை மட்டும் தெளிவாக இருக்கும். அன்று கீழ்ஊர்களின் வெளிச்சம் மேகத்துக்கு அடியிலேயே நின்றுவிடும். அந்த இரவைத் தவறவிடாதீர்கள்."

'ஸ்கைக்ளோ'வை வைத்து இதை எழுத முயன்றேன். எந்தத் திசையில் எந்த ஊர் என்று ஒவ்வொரு வரியிலும் தனியாக விளக்க வேண்டியிருந்தது.

ஓர் இடைச்செருகல். ஒரு நண்பர், "1899-லிருந்து வானாய்வுக்கூடம் இருக்கிற ஊரில் இரவைப் பற்றிய சொல் ஏன் உருவாகவில்லை?" என்று கேட்டிருந்தார். கொடைக்கானல் கூடம் சூரியனுக்காகப் பிறந்தது. 1909-ல் எவர்ஷெட் என்ற வானியலாளர் அங்கே கண்டுபிடித்ததும் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைத்தான். பகலில் வேலை செய்யும் தொலைநோக்கிக்குத் தெருவிளக்கோடு என்ன சண்டை? இரவு வானத்துக்காக வானியலாளர் வைணு பாப்பு ஜவ்வாது மலைக்குப் போய்க் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். இதற்கு நேரெதிர் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃப். அதுவும் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன மலை நகரம்தான். ஆனால் 1894-லிருந்து அங்கே இருக்கிற லோவெல் ஆய்வுக்கூடம் இரவில் விழித்திருக்கும் கூடம், 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்த இடம். 1958-லேயே வானத்தைத் துழாவும் விளம்பர விளக்குகளுக்கு நகரம் தடை போட்டது. 2001-ல் இருண்ட வானத்தைக் காக்கும் உலகின் முதல் 'டார்க் ஸ்கை' நகரம் என்ற பட்டமும் கிடைத்தது. சண்டை நடந்த இடத்தில்தான் சொல்லும் பிறக்கிறது.

மற்றச் சொற்கள், வேகமாக:

'டார்க் ஸ்கை' என்பதற்கு இருள்வான் போதும். 2022 டிசம்பரில் லடாக்கின் ஹான்லேயில் அறிவித்த 'டார்க் ஸ்கை ரிசர்வ்' நமக்கு 'இருள்வான் காப்பகம்'. புலிகள் காப்பகம் பழகிய காதுக்கு உடனே புரியும். பார்க்கிற இடத்துக்கு 'மீன்களம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, கருவாடு வாங்கப் பை எடுத்துக்கொண்டு வருவார்கள். 'இருள்வான் இடம்' என்று இரண்டு சொல்லாகவே இருக்கட்டும், எல்லாவற்றையும் ஒட்டவைக்க வேண்டியதில்லை. கண் இருட்டுக்குப் பழகும் அந்த இருபது முப்பது நிமிடத்துக்கு 'இருட்பழக்கம்' என்றால் வீட்டில் சந்தேகப்படுவார்கள். 'கண் பழகுதல்' நல்லது. மங்கலான ஒன்றை நேராகப் பார்க்காமல் சற்றே தள்ளிப் பார்க்கும் உத்திக்குப் புதுச்சொல் செய்ய நாம் யார்? கடைக்கண் பார்வை ஏற்கெனவே இருக்கிறது. விழித்திரையின் நடுவில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் இல்லை, ஓரத்தில்தான் இருக்கின்றன என்று மட்டும் அடிக்குறிப்பில் சொன்னால் முடிந்தது.

அடுத்த அமாவாசைக்குள் கடும் எதிர்ப்பு வராவிட்டால் 'ஊர்வெளிச்சம்' அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
பூம்பாறை வரப்பில் நடுங்கியவன்

பி.கு. 1: ஒளி என்றால் மறைதல் என்றும் பொருள், விண்மீன்களை ஒளித்துவைப்பதால் 'ஊரொளி' இரட்டைப் பொருத்தம் என்று தமிழாசிரியர் அம்மா எழுதியது எனக்கும் பிடித்திருந்தது. கைவிட மனம் வரவில்லைதான். அந்தப் பையனின் 'பஸ் ஹாரன்' முன்னால் நிற்கவில்லை, அம்மா.

பி.கு. 2: தூரத்து ஊரின் மேல் கவிழ்ந்த கிண்ணம் மாதிரி வெளிச்சம் தெரிகிறதே, ஆங்கிலத்தில் 'லைட் டோம்', அதற்கு 'வெளிச்சக் குவிமாடம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். குவிமாடம் என்றதும் கண்ணில் கல் கட்டடம் வருகிறது. 'வெளிச்சக் குடை' சரியாக இருக்குமா? உங்கள் ஊர்ப்பக்கம் இதைப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.