அப்பா அம்மாவுடன் காரில் ராமேஸ்வரம்: எட்டு நாளை எப்படிப் பிரிப்பது?

தாம்பரத்துக்காரி:

வணக்கம். தை மாதக் கடைசியில் எட்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. அப்பாவையும் அம்மாவையும் காரில் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் வரைக்கும் மெதுவாகப் போகவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மூன்று பேர்தான், நான்தான் ஓட்டுகிறேன். அப்பாவுக்கு 71, இன்சுலின் போடுகிறார், மற்றபடி நன்றாக நடப்பார். அம்மாவுக்கு 66, இரண்டு முழங்காலும் தேய்மானம், பிரஷருக்கு மாத்திரை.

அப்பா அரசுப் பள்ளி வாத்தியார். மாயவரத்தில் மூன்று வருடம், பட்டுக்கோட்டையில் ஐந்து வருடம், அறந்தாங்கியில் ஆறு வருடம் என்று மாற்றல் வாங்கி வாங்கிக் கடைசியில்தான் சென்னைப் பக்கம் வந்தார். (1982இலேயே மயிலாடுதுறை என்று பெயர் மாற்றிவிட்டார்கள், அப்பாவுக்கு இன்றைக்கும் அது மாயவரம்தான்.) அந்த ஊர்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு ராமேஸ்வரம் போனால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவருடைய பெரியப்பா போட் மெயில் ரயிலில் ஏறி தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் கடந்து கொழும்பில் வேலை பார்த்தவர். அதனால் தனுஷ்கோடி அப்பாவுக்கு வேறு மாதிரி.

நான் போட்டு வைத்திருப்பது: முதல் நாள் மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம். இரண்டாம் நாள் சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில், திருக்கடையூர், மாயவரம். மூன்றாம் நாள் கும்பகோணம், சுவாமிமலை, தாராசுரம், தஞ்சாவூர். நான்காம் நாள் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி. அப்புறம் காரைக்குடி, ராமேஸ்வரம், வரும் வழியில் மதுரை, திருச்சி. எழுதி முடித்ததும் எனக்கே மூச்சு வாங்கியது. எதை விடுவது என்று தெரியவில்லை. அப்பா காலை ஐந்து மணிக்கே கிளம்பவேண்டும் என்கிறார். அம்மா "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று நாலு தடவை சொல்லிவிட்டார். வயதான அப்பா அம்மாவுடன் இப்படிப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டியரிங்:

அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூன்று முறை இப்படிப் போயிருக்கிறேன், அவருக்கு மூட்டு ஆபரேஷன் ஆன பிறகு ஒருமுறை. முதல் பயணத்தில் நானும் உங்களை மாதிரிதான் பட்டியல் போட்டேன். மூன்றாம் நாள் மதியம் ஒரு கோயில் வாசலில் கார் நின்றபோது அம்மா இறங்காமல் "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அன்றைக்கே மீதி எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

முதல் நாளைத் தவிர ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். தாம்பரம் - சிதம்பரம் இருநூறு வரும், அதையே புதுச்சேரியில் ஒரு ராத்திரி தங்கி இரண்டாகப் பிரித்தால் இன்னும் நல்லது. கும்பகோணம், தஞ்சாவூர், மதுரை, திருச்சி நான்கையும் இந்த முறை விட்டுவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் அவை உங்கள் அப்பா வேலை பார்த்த ஊர்கள் இல்லையே. பெரிய கோயில் 1010இலிருந்து நிற்கிறது, அடுத்த வருடமும் நிற்கும். சுவாமிமலைக்கு அறுபது படி ஏறவேண்டும், தமிழ் வருடம் அறுபதுக்கும் ஒரு படி என்பது கணக்கு. அம்மாவின் முழங்காலுக்கு அது இப்போது வேண்டாம்.

கோயில் நடை பெரும்பாலும் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். இதை நேர இழப்பாகப் பார்க்கவேண்டாம். காலையில் ஒரே ஒரு கோயில், பிறகு சாப்பாடு, பிறகு அறையில் படுத்துத் தூக்கம், நாலரைக்கு மேல் கிளம்பினால் போதும். என் அம்மா ஊருக்கு வந்தபிறகு பேசியதெல்லாம் அந்த மதியங்களைப் பற்றித்தான், ஃபேன் சத்தத்தில் இரண்டு பேரும் படுத்துக்கொண்டு பழைய கதை பேசியதை.

காரில் ஏறும்போது முதலில் சீட்டில் பக்கவாட்டில் உட்காரச் சொல்லுங்கள், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லுங்கள். ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து உடம்பைத் தூக்கும்போதுதான் முழங்காலில் பிடிக்கும். சீட் ரொம்பத் தாழ்வாக இருந்தால் கெட்டியான தலையணை ஒன்று போடுங்கள். முன் சீட் அம்மாவுக்கு. அப்பா நன்றாக நடக்கிறார் என்றால் பின்னால் உட்காரட்டும். மணிக்கு ஒருமுறை நிறுத்தி இரண்டு பேரும் பத்து நிமிடம் நடக்கட்டும், கால் வீங்காமல் இருக்கும். இன்சுலினை வெயிலில் நிறுத்திய காருக்குள் விடவே கூடாது, ஐஸ் கட்டி மேல் நேராகவும் வைக்கக் கூடாது. துணி சுற்றி ஒரு ஃபிளாஸ்க்கில் வைத்து, இறங்கும்போதெல்லாம் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, தை மாசம் டெல்டாவில் சம்பா அறுப்பு. ரோட்டில் பாதிக்கு நெல் காயப் போட்டிருப்பார்கள், அறுவடை மெஷின் எதிரே வரும். இருட்டிய பிறகு அந்த ரோடுகளில் ஓட்டவேண்டாம்.

கொள்ளிடக்கரை:

நான் சீர்காழிப் பக்கம். அப்பா மாயவரத்தில் இருந்தவர் என்றால் லாகடத்துக்குக் கூட்டிப் போங்கள், காவிரிப் படித்துறையான துலாக் கட்டத்தைத்தான் ஊரில் அப்படிச் சொல்வோம். ஐப்பசிக் கடைசி நாள் முழுக்கான கடைமுகத்துக்கு அவர் கட்டாயம் போயிருப்பார். "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா" என்று அவரே ஆரம்பிப்பார் பாருங்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து நேராக அறந்தாங்கி போகாமல் மல்லிப்பட்டினம் பக்கம் இறங்கினால் மனோரா இருக்கிறது. நெப்போலியன் தோற்றதற்காகத் தஞ்சாவூர் ராஜா இரண்டாம் சரபோஜி கடல் ஓரமாக எழுப்பிய கோபுரம். ஏற வேண்டியதில்லை, கீழே மரநிழலில் உட்கார்ந்து பார்த்தாலே போதும். அறந்தாங்கியிலிருந்து அரை மணிக்குள் ஆவுடையார்கோயில். சிவன் கோயில்தான், ஆனால் கருவறையில் லிங்கம் கிடையாது, நந்தியும் கொடிமரமும் கிடையாது. புழுங்கலரிசிச் சோற்றை வடித்துப் பரப்பி அந்த ஆவியைத்தான் நைவேத்தியம் செய்வார்கள். தாழ்வாரத்துக் கொடுங்கையை, அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்பை, நிமிர்ந்து பாருங்கள், மரச்சட்டமும் ஆணியுமாகத் தெரியும், அத்தனையும் கல். அப்பா வாத்தியார் என்றால் அதை உங்களுக்குப் பாடமே எடுப்பார்.

அப்பா அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்து போனது கம்பன் எக்ஸ்பிரஸாகத்தான் இருக்கும். அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, திருவாரூர், மாயவரம் என்று வந்து எழும்பூரில் விடும் மீட்டர் கேஜ் வண்டி. நீங்கள் போகும் வழி கிட்டத்தட்ட அந்த வண்டி போன வழிதான். கார் ஓடும்போது ஒவ்வொரு ஸ்டேஷனாக அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குடியிருந்த வீடு இருக்காது. என் அப்பாவை அவர் படித்த ஊருக்குக் கூட்டிப்போனபோது வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம். அப்பா எதிர்ப்பக்கம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, அந்த ஓரத்தில் ஒரு அடி பம்பு இருந்தது என்று மட்டும் சொன்னார். நான் அவசரப்படுத்தாமல் நின்றேன், அதில் எனக்கு இன்றைக்கும் நிம்மதி.

அறுபத்தெட்டு:

அம்மா, நான் உன் அம்மா வயசுக்காரி, அதனால் நீ என்றே எழுதுகிறேன். என் பையனும் மருமகளும் என்னையும் அவரையும் இப்படிக் கூட்டிப் போனார்கள். நீ எழுதியதைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. மாயவரம், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி எல்லாம் அப்பா வேலை பார்த்த ஊர் என்கிறாய். அங்கேயெல்லாம் வாடகை வீடு பிடித்து, சாமான் கட்டி, அவிழ்த்து, தண்ணீர் பிடித்து, உன்னை வளர்த்தது யார்? அம்மா எந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்று கேட்டாயா? அப்பாவை வைத்துக்கொண்டு கேட்காதே. தனியாகக் கேள். "எனக்கு என்ன, எங்கேயானாலும் சரி" என்றுதான் முதலில் வரும். விடாதே.

அப்புறம், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் பாத்ரூமாக இருக்கும். எங்களை மாதிரிப் பெண்கள் பயணம் என்றால் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம். நான் மதுரையிலிருந்து வரும்போது காலை முழுக்க அரை டம்ளர் காபியோடு வந்தேன், யாருக்கும் சொல்லவில்லை. சாயங்காலம் தலை சுற்றி, கால் நரம்பு இழுத்து, பிள்ளை பயந்துபோய் வண்டியை நிறுத்தினான். இந்த வயதில் தாகமும் சரியாகத் தெரியாது. பிரஷர் மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மாத்திரை இருக்கிறதா என்று பார், இருந்தால் பயண நாளில் எந்த நேரத்தில் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்.

நீயே நிறுத்து, அவர் கேட்கும்வரை காத்திருக்காதே. "எனக்குப் போகணும்மா, நீயும் வா" என்று சொல். அந்த ஒரு வார்த்தையில் எங்களுக்குக் கூச்சம் போய்விடும். அறை போடும்போது கீழ்த்தளமா, உட்காரும் கழிப்பறையா, பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடு. லிஃப்ட் இருக்கிறது என்றால் நம்பாதே, வாசலில் எத்தனை படி என்று கேள்.

நடைவண்டி:

ஒரு மாற்றுக் கருத்து. ஓட்டுவதற்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நாள் நீங்களே ஓட்டினால் கண் ரோட்டில்தான் இருக்கும், அப்பா சொல்லும் கதை பாதி காதில் விழாது. நான் அப்பாவுடன் போனபோது தெரிந்த டிரைவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டேன். பின் சீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வந்த அந்த நான்கு நாளைப் போல அவரோடு நான் உட்கார்ந்ததே இல்லை. நெரிசலான கோயில் தெருவில் வாசலிலேயே இறக்கிவிட்டு டிரைவர் போய் நிறுத்திக்கொள்வார், அதுவும் பெரிய உதவி.

தாம்பரத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. டிரைவர் யோசனையை அப்பாவிடம் சொன்னேன், மூன்றாவது ஆள் இருந்தால் அம்மா வாயே திறக்க மாட்டாள் என்றார். அது உண்மை. அதனால் நானே ஓட்டுகிறேன், தூரத்தைக் குறைத்துவிட்டேன்.

அறுபத்தெட்டு அம்மா, நீங்கள் சொன்னபடி நேற்று ராத்திரி சமையலறையில் தனியாகக் கேட்டேன். எங்கேயானாலும் சரி என்றுதான் முதலில் சொன்னார். திரும்பவும் கேட்டேன். கையில் இருந்த கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத் "தரங்கம்பாடி" என்றார். மாயவரத்தில் மூன்று வருடம் இருந்திருக்கிறார், தரங்கம்பாடி அங்கிருந்து முப்பது கிலோமீட்டர்தான். அப்பா பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரண்டு முறை போய் வந்திருக்கிறார். இரண்டு முறையும் அதிகாலையில் எழுந்து புளிசாதம் கிளறிக் கட்டிக் கொடுத்தது அம்மா. அவர் ஒரு முறைகூடப் போனதில்லை. என் பட்டியலிலேயே அந்த ஊர் இல்லை. இப்போது அங்கே இரண்டு ராத்திரி.

தாம்பரத்துக்காரி:

அறந்தாங்கியிலிருந்து எழுதுகிறேன், ஆறாம் நாள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தரங்கம்பாடியில் கடலுக்குப் பக்கத்திலேயே கீழ்த்தள அறை கிடைத்தது. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையை அப்பா மட்டும் சுற்றிப் பார்த்தார். அம்மா வெளியே சிமெண்ட் திண்டில் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறை கூப்பிடு தூரத்தில் இருந்ததாலோ என்னவோ, ஒரு லிட்டர் பாட்டிலைக் கேட்டு வாங்கி, அண்ணாந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருந்தார். இருட்டும்போது பாட்டில் காலி. ஒன்றும் பேசவில்லை. அப்பா வந்து போகலாமா என்றார், அம்மா "இன்னும் கொஞ்ச நேரம்" என்றார். அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பட்டுக்கோட்டையில் வீடு இருக்கிறது! ஓடு மாற்றியிருக்கிறார்கள், கிணற்றை மூடிவிட்டார்கள். உள்ளே இருந்த பெண் வாருங்கள் என்று கூப்பிட்டு மோர் கொடுத்தார். நான் பிறந்த அறையில் இப்போது தையல் மெஷின். அம்மா போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பார்த்தார், தூளி கட்டிய இடம் என்று அப்பாவிடம் காட்டினார், அப்பாவுக்கு அது நினைவில் இல்லை.

ஸ்டியரிங், நீங்கள் சொன்ன மதியத் தூக்கத்தில்தான் பேச்செல்லாம் நடக்கிறது. கொள்ளிடக்கரை, கம்பன் எக்ஸ்பிரஸ் ஸ்டேஷன்களை அப்பா வரிசையாகச் சொன்னார். விட்டுப்போன இரண்டை அம்மா சொன்னார்.

நாளைக்கு மீமிசல், தொண்டி வழியாக ராமேஸ்வரம். ஐந்து மணிக்குக் கிளம்பவேண்டும் என்கிறார் அப்பா. அம்மா ஒன்பது என்கிறார். ஒன்பது மணிக்குக் கிளம்புகிறோம்.