பத்தாம் பாகத்தில் நின்றுபோன கதை

ராபர்ட் ஜோர்டனின் மாயக்கதை நாவல் தொடரான வீல் ஆஃப் டைமின் பத்தாம் பாகம் இன்னும் மனதை உறுத்துகிறது. ஒன்பதின் முடிவில் நாயகன் ராண்ட், ஆண்கள் கையாளும் கறைபட்ட மந்திர சக்தியான சாயிதினைச் சுத்தப்படுத்துகிறான். அடுத்து என்ன என்று இரண்டு வருடம் தவித்தேன். 2003இல் புத்தகம் கைக்கு வந்தது. நூறு பக்கம் போயும் அவன் சுத்தப்படுத்திய அதே நாள்தான்! எங்கோ தூரத்தில் யாரோ பெரும் சக்தியை இழுக்கிறார்கள் என்று ஒருத்தி திகைக்கிறாள். அப்புறம் வேறு இடம், வேறு ஆள், அதே திகைப்பு. யார் என்று எனக்குத்தான் தெரியுமே! ராண்டைத் தேடிப் புரட்டினேன். வெகு பின்னால் வருகிறான், அதுவும் கொஞ்சம்தான். அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

*

எனக்கு உறுத்துவது ஃபெய்லின் கதைதான். அவளைக் கடத்துவது 2000இல் வந்த பாகத்தில், மீட்பது 2005இல் வந்த பாகத்தில். அவள் கணவன் பெர்ரின் நாளுக்கொரு முடிச்சாகத் தோல் கயிற்றில் போட்டுக்கொண்டே போகிறான். அந்தக் கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் என் வருடங்களைத்தான் எண்ணினேன்.

*

முதலில் எழுதிய நண்பரே, பத்தாம் பாகத்தில் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லாதீர்கள். கைதியின் கையை வெட்டிவிட்டு, பெர்ரின் தன் கோடரியையே வீசி எறிகிறானே! அவனுடைய முந்தைய அலைச்சல் எல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். நான் தொடரைத் தொட்டதே 2013இல் பதினான்காம் பாகமும் வந்த பிறகு. பத்தை முடித்த கையோடு பதினொன்றை எடுத்தேன், சலிப்பே தெரியவில்லை. நீங்களும் அப்படியே மறுபடி படியுங்கள். இளவரசி எலெய்ன் அரியணைக்குப் போராடும் அத்தியாயங்கள் இழுத்தால் சுருக்கம் பார்த்துத் தாண்டுங்கள், ஆனால் ராண்டின் நண்பன் மேட்டும் டுவானும் வரும் பகுதியில் ஒரு வரியும் விடாதீர்கள். பாத்திரப் பெயர்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

*

மறுபடி படிக்க வழி கேட்கவில்லை, நண்பரே. எதுவும் நடக்கவில்லை என்றும் நான் சொல்லவில்லை. கோடரி விழும் இடம் எனக்கும் பிடிக்கும். முடிந்த தொடரை வரிசையாக எடுத்துப் படிப்பதும், ஒவ்வொரு பாகத்துக்கும் காத்துக் கிடந்து படிப்பதும் ஒன்றாகுமா? 2007இல் ராபர்ட் ஜோர்டன் காலமான செய்தி வந்த அன்று, பத்தாம் பாகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் தொடரை முடித்துக் கொடுத்தார், அதற்கு நன்றி. ஆனால் அந்த நூறு பக்கத்துக்குப் பதிலாக ஜோர்டன் கையாலேயே எழுதிய இன்னும் நூறு பக்க முடிவு கிடைத்திருந்தால் என்றுதான் இன்றும் தோன்றுகிறது.