12 தடவை கேட்டும் பதில் வரலை: தப்பு யார் மேல?

தாமிரபரணி:
தூக்கம் வராம நேத்து ராத்திரி அந்தப் பழைய பேட்டியை மறுபடி பாத்தேன். 1997 மே, பிபிசி நியூஸ்நைட். பிரிட்டன்ல முன்னாடி உள்துறை அமைச்சரா இருந்த மைக்கேல் ஹோவர்ட் உக்காந்திருக்கார். எதிர்ல பேட்டி எடுக்கிற ஜெரமி பாக்ஸ்மன். பார்க்ஹர்ஸ்ட் ஜெயில்ல இருந்து கைதிகள் தப்பின பிறகு, அந்த ஜெயில் அதிகாரியை சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி சிறைத்துறைத் தலைவர் டெரக் லூயிஸோட ஹோவர்டுக்குத் தகராறு. பாக்ஸ்மன் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "உங்க முடிவை ரத்து பண்ணிடுவேன்னு அவரை மிரட்டினீங்களா?" ஹோவர்ட் சொன்னது: "அவருக்கு உத்தரவு போட எனக்கு உரிமை இல்லை, நான் போடலை." மிரட்டினீங்களான்னு கேட்டா உத்தரவு போடலையாம்! பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டா கொட்டைப்பாக்கு விலை. 12 தடவை கேட்டார், 12 தடவையும் மனுஷன் நழுவினார். நம்மூர் சேனல்ல ரெண்டாவது தடவை கேட்டுப் பாத்திருக்கீங்களா யாராவது?

புதுகை வக்கீல்:
அந்தப் பேட்டியைத் தூக்கிவச்சு ஆடுறவங்க ஒண்ணை விட்டுடுறாங்க. அடுத்து போட வேண்டிய டேப் தயாராகலை, இழுத்துப் பிடிக்கச் சொன்னாங்க, அதான் அதையே கேட்டுக்கிட்டிருந்தேன்னு பாக்ஸ்மனே பின்னாடி சொல்லியிருக்கார். பாதி வீரம் டேப் கொடுத்த வீரம்.

அப்புறம் இந்த "ஆமாவா இல்லையா" சமாச்சாரம். கோர்ட்ல குறுக்கு விசாரணையில நானும் அப்படித்தான் மடக்குவேன். ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சு மறுவிசாரணை பண்ணுவார், சாட்சி தன் விளக்கத்தைச் சொல்ல வழி இருக்கு. டிவியில மறுவிசாரணை ஏது? ஒரு சொல் மாறினா அடுத்த நாள் தலைப்புச் செய்தி. பழைய ஆவணத்தைப் பாக்காம நானா இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன்.

தாமிரபரணி:
மறுவிசாரணை இல்லையா? என்ன வக்கீல் சார் இது! ஜெயா டிவி, கலைஞர் டிவி, மக்கள், கேப்டன்... கட்சிக்கொரு சேனல் வச்சிருக்கிற ஊரு நம்ம ஊரு. 24 மணி நேரமும் அவங்களுக்கு மறுவிசாரணைதான். இல்லாதது குறுக்கு விசாரணை.

செல்லாத்தா:
கட்சிக்காரின்னு நினைச்சாலும் பரவால்லை, சொல்றேன். 2004ல பத்திரிகையாளர் கரண் தாப்பர் பிபிசிக்காக ஜெயலலிதாம்மாவை எடுத்த பேட்டி பாத்திருக்கீங்களாங்க? காலில் விழுறது, ஜோசியம், அது இதுன்னு குத்திக்கிட்டே இருந்தார். எதிர்ல பேப்பர் வச்சுப் படிக்கிறீங்கன்னுகூடச் சொன்னார். அம்மா முகம் கடுகடுன்னு ஆயிருச்சு. ஆனா எந்திரிக்கலை. கடைசி வரைக்கும் உக்காந்து, உங்ககிட்ட பேசினது மகிழ்ச்சின்னு அவர் சொன்னப்ப, எனக்கு மகிழ்ச்சியா இல்லைன்னு முகத்துக்கு நேராச் சொல்லிட்டு, நமஸ்தேன்னு மைக்கைக் கழட்டினாங்க. அதே கரண் தாப்பர்கிட்ட 2007ல குஜராத் முதல்வர் மோடி உக்காந்தார். 2002 கலவரம் பத்திக் கேட்டதும் தண்ணி கேட்டார், மைக்கைக் கழட்டிட்டார். நாலு நிமிஷம்கூட இல்லீங்க.

அரைக்கப் காபி:
அக்கா, உக்காந்து பதில் சொன்னவங்க 2006ல தோத்தாங்க. எந்திரிச்சுப் போனவர் 2014ல பிரதமர் ஆனார் 😂

செல்லாத்தா:
அதுக்கும் இதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்? பேட்டியைப் பாத்தா ஓட்டுப் போடறாங்க?

அரைக்கப் காபி:
அதையேதான் நானும் சொல்றேன். 2019 பிரிட்டன் தேர்தல்ல பிரதமர் போரிஸ் ஜான்சன், பிபிசியில பேட்டி எடுத்த ஆண்ட்ரூ நீல் முன்னாடி உக்காரவே இல்லை. மத்த கட்சித் தலைவர்கள் கோர்பின், ஸ்டர்ஜன் எல்லாம் போய் வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. நீல் கேமராவைப் பாத்து, கேக்க நினைச்ச கேள்விகளை ஜான்சன் இல்லாமலே வரிசையாச் சொன்னார். அதுக்கப்புறம்? 80 சீட் பெரும்பான்மை. நழுவினா நஷ்டம் இல்லைங்கிறப்ப எவன் சார் பதில் சொல்வான்? கொள்கை என்னன்னு கேட்டதும் தலை சுத்திருச்சுன்னு உண்மையைச் சொன்ன ரஜினியைத்தான் மீம் போட்டுக் கொன்னோம்.

மைக் தூக்கி:
9 வருஷம் மாவட்டச் செய்தியாளரா இருந்தவன் சொல்றேன். 12 தடவை கேக்கிறது இருக்கட்டும், முதல் தடவைக்கே வருவோம். பேட்டிக்கு முன்னாடி அரசியல்வாதியோட பி.ஏ. கேள்வியை அனுப்பச் சொல்வார். அனுப்பினா ரெண்டு அடிச்சுத் திரும்பி வரும். ஒருநாள் அடிச்ச கேள்வியையே கேட்டேன், பாதாளச் சாக்கடை டெண்டர் சமாச்சாரம். அந்த அரசியல்வாதி கோபப்படலை. "சாப்டீங்களா தம்பி?"ன்னு சிரிச்சார். மறுநாள் அவங்க பிரஸ் வாட்ஸ்அப் குரூப்ல நான் இல்லை. மூணு மாசம் பிரஸ்மீட் எங்க நடக்குதுன்னு பக்கத்துச் சேனல் பையன்கிட்ட கெஞ்சித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆபீஸ்ல என்னைத்தான் திட்டினாங்க.

புதுகை வக்கீல்:
இது நான் சொன்னதைவிடப் பெரிய விஷயம், ஒத்துக்கிறேன். ஆனா நழுவுறதைப் பாக்கிறவனுக்குத் தெரியாமலா போகுது?

தாமிரபரணி:
தெரியாமத்தான் போகுது சார்! டாட் ராஜர்ஸ், மைக்கேல் நார்ட்டன்னு ஹார்வர்டுல ரெண்டு பேர் 2011ல ஆய்வு வெளியிட்டாங்க. மருத்துவ வசதி பத்தின ஒரே பதிலை மூணு கேள்விக்கு ஒட்டவச்சுப் போட்டுக் காட்டினாங்க. போதைப்பொருள் பத்திக் கேட்டதுக்கு அந்தப் பதிலைச் சொன்னப்ப பெரும்பாலானவங்க கண்டுக்கலை, கேள்வி என்னன்னே ஞாபகம் இல்லை. பயங்கரவாதம் பத்திக் கேட்டதுக்கு அதையே சொன்னப்பதான் பதில் சொன்னவர் மாட்டினார். கேள்வியை எழுத்தா திரையிலயே வச்சுக் காட்டினப்ப நழுவலை ஜாஸ்தி பேர் பிடிச்சாங்க. 12 தடவை கேக்க வேணாம். ஒரு தடவை கேளு, பதில் வர்ற வரைக்கும் கேள்வியைக் கீழே ஓடவிடு. காசா பணமா?

மைக் தூக்கி:
காசுதாங்க. திரைக்குக் கீழே எழுத்து வர்ற அந்த ஆஸ்டன் பட்டை இருக்கே, அதுதான் சேனல்ல விலை போற இடம். காலையில நகைக்கடை, சாயங்காலம் ரியல் எஸ்டேட். மிச்ச நேரத்துல ஓடுறது அரசு விளம்பரம்.