அம்பாசிடர் டேப்பட் கவரில் அடித்த பெயின்ட் நிற்கவில்லை, எங்கே தவறு?

ஈரோட்டு வண்டி:
வணக்கம். அப்பா வாங்கிய 1984 அம்பாசிடர், பெட்ரோல், பழைய 1489 சிசி எஞ்சின். பானட்டைத் திறந்தால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று டேப்பட் கவரை (எஞ்சின் தலையை மூடும் தகர மூடி) கழற்றி வீட்டிலேயே மெரூன் கலர் அடித்தேன். மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர் கொடுத்து, அதன் மேல் 600 டிகிரி தாங்கும் ஸ்பிரே டின். இரண்டு நாள் காயவிட்டு மாட்டினேன். பத்தே நாளில் ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றி பெயின்ட் பிசுபிசுக்கிறது, துணியால் துடைத்தால் கலர் ஒட்டிக்கொண்டு வருகிறது. பின்பக்க ஓரத்திலோ தோல் மாதிரி உரிகிறது. 600 டிகிரி பெயின்டே தாங்கவில்லை என்றால் வேறு எதைத்தான் அடிப்பது?

பட்டறை மாமா:
தம்பி, உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பிரைமரும் சேர்ந்து வந்திருக்கிறதா? விரலால் தடவினால் வழுக்குகிறதா?

ஈரோட்டு வண்டி:
ஆமாம் அண்ணே. பிரைமரோடு வந்திருக்கிறது, லேசாக எண்ணெய்ப் பசையும் இருக்கிறது. அடியில் தகரம் பளிச்சென்று தெரிகிறது.

பட்டறை மாமா:
அப்படியானால் உங்களுக்கு இரண்டு தனித்தனிக் கோளாறு.

உரிவதற்குக் காரணம் மண்ணெண்ணெய். அது பழைய ஆயிலைக் கரைக்கும், ஆனால் தானும் ஒரு பசையை விட்டுவிட்டுத்தான் போகும். அதன் மேல் உப்புத்தாள் தேய்த்தால் அந்தப் பசையைக் கீறல்களுக்குள் நாமே அழுத்தி விடுகிறோம். மண்ணெண்ணெய்க்குப் பிறகு வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டு பிரஷால் தேய்க்க வேண்டும், உள்பக்கமும்தான். அப்புறம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தகரம் முழுக்க ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். எங்காவது முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள். உடனே துடைத்துக் காயவைத்து, உப்புத்தாள் போட்டு, சுத்தமான துணியில் தின்னர் தொட்டு ஒரே திசையில் துடையுங்கள். அதற்கு மேல் வெறுங்கை படக்கூடாது.

பிசுபிசுப்புக்குக் காரணம் அந்த 600 டிகிரி டின்னேதான். அது சைலன்சருக்கும் மேனிபோல்டுக்கும் ஆன சிலிக்கான் பெயின்ட். காற்றில் காய்ந்த மாதிரி தெரியும், ஆனால் 200 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு முறையாவது சுட்டால்தான் உண்மையில் இறுகும். டேப்பட் கவர் எவ்வளவு ஓட்டினாலும் 100 டிகிரியை ஒட்டித்தான் சூடாகும். அதனால் அது கடைசி வரை பச்சையாகவே இருந்திருக்கிறது, ஆயில் பட்டதும் கரைந்துவிட்டது. பெரிய எண் போட்ட டின் நல்லது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இந்தக் கவருக்கு எபாக்ஸி பிரைமரும் அதன் மேல் இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த பி.யு. (பாலியூரிதேன்) பெயின்டும் போதும்.

கோவை டிங்கர்:
மாமா சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, ஸ்பிரே செய்யும்போது அது மூச்சுக்குழாயைக் கெடுக்கும். தூசி மாஸ்க் அதைத் தடுக்காது. வீட்டு வராண்டாவில் தயவுசெய்து அடிக்காதீர்கள். கழுவுவது, தேய்ப்பது எல்லாம் வீட்டில் செய்துவிட்டு, கவரைப் பிளாஸ்டிக்கில் சுற்றி பெயின்ட் பூத் உள்ள பட்டறையில் கொடுங்கள். மெரூன் வண்டி எதையாவது அவர்கள் அடிக்கும் நாளில் பக்கத்தில் தொங்கவிட்டு அடித்துத் தருவார்கள். வீட்டிலேயே முடிக்க வேண்டுமென்றால் எஞ்சின் எனாமல் என்றே எழுதியிருக்கும் டின் வாங்குங்கள். அதைத் திறந்த வெளியில் மெல்லிய கோட்டாக அடிக்கலாம்.

பழசே அழகு:
பழைய பெயின்டை எடுக்க மணலைப் பீய்ச்சி அடிக்கும் மணல் பிளாஸ்ட் செய்தால் சீக்கிரம் முடியாதா?

பட்டறை மாமா:
இந்தப் பாகத்துக்கு வேண்டாம். உள்பக்க மடிப்பிலும் எஞ்சின் பிரீதர் குழாய் வாயிலும் மணல் ஒளிந்துகொள்ளும். நேரே வால்வு ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்ட்டில் போய் விழும், அப்புறம் ஆயிலோடு பேரிங் வரை போகும். பெயின்ட் ரிமூவரும் கம்பி பிரஷும் போதும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது கவனம்: பேக்கிங் உட்காரும் விளிம்பில் பெயின்ட் இருக்கவே கூடாது, டேப் ஒட்டி மறையுங்கள். புது கார்க் பேக்கிங்கைக் கவர் பக்கம் மட்டும் ஒட்டி, ஹெட் பக்கம் லேசாகக் கிரீஸ் தடவுங்கள். மேலே இருக்கும் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இது பழைய பிரிட்டிஷ் எம்ஜி கார்களில் வந்த அதே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் எஞ்சின் குடும்பம். அதற்குக் கொடுத்திருக்கும் டார்க், அதாவது நட்டை இறுக்கும் அளவு, வெறும் 4 பவுண்டு-அடிதான். ஸ்பேனரில் தொங்கி இறுக்கினால் தகரம் நெளியும், கார்க் பிதுங்கும்.

ஈரோட்டு வண்டி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மூடியின் கழுத்தைச் சுற்றித் தண்ணீர் முத்தாக நின்றது, மூன்றாம் முறை கழுவியபோதுதான் பரவியது. பட்டறையில் கொடுத்து அடித்து, ஒரு வாரம் இறுகவிட்டு மாட்டினேன். சத்தியமங்கலம் வரை போய் வந்தாயிற்று, ஆயில் கொட்டிய இடத்தைத் துடைத்தால் துணியில் கலர் இல்லை. முன் நட்டுக்கு அடியில் மட்டும் ஆயில் கசிந்தது. அதிலிருந்த ரப்பர் புஷ் கல் மாதிரி ஆகியிருந்தது. இரண்டையும் புதிதாகப் போட்டேன், கசிவு நின்றுவிட்டது. மாமாவுக்கும் கோவை அண்ணனுக்கும் மிக்க நன்றி. அடுத்து ஏர் ஃபில்டர் டப்பா.