பழைய நாஸ்கார் ரேசிங் விளையாட்டை இப்போது ஓட்ட முடியுமா?

கானாடுகாத்தான்காரன்:
சிங்கப்பூர் அம்மான் அந்தக் காலத்தில் வாங்கி வந்த குறுந்தகடு, இரண்டாம் கட்டு மரப்பெட்டகத்தில் ஆச்சியின் கண்டாங்கிச் சேலைகளுக்கு நடுவே கிடைத்தது. பாப்பிரஸ் நிறுவனம் 1994இல் வெளியிட்ட நாஸ்கார் ரேசிங், அமெரிக்கக் கார் பந்தயக் கணினி விளையாட்டு. ஒரு கீறல்கூட இல்லை. பள்ளி விடுமுறையில் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் உட்கார்ந்து நானும் அம்மான் மகனும் மாறி மாறி ஓட்டியது இது. புதிய மடிக்கணினியில் திறக்கவே மறுக்கிறது. வழி இருக்கிறதா?

தேவகோட்டை:
இருக்கிறது, தம்பி. இது பழைய டாஸ் இயங்குதளக் காலத்து விளையாட்டு, அதைப் புதிய கணினியில் ஓட்ட டாஸ்பாக்ஸ் மென்பொருள் வேண்டும். முதலில் குறுந்தகடு முழுவதையும் ஒரே படிமக் கோப்பாக நகலெடுத்துவிடுங்கள். ஓட்டம் திணறினால் கன்ட்ரோலுடன் எஃப்12 அழுத்துங்கள், வேகம் கூடும். படம் இன்னும் தடுமாறினால் காருக்குள் தெரியும் நுணுக்கங்களைக் குறையுங்கள்.

பள்ளத்தூர் வாசகன்:
புகழ்பெற்ற டேடோனா பந்தயப் பாதையை இதில் தேடி ஏமாறாதீர்கள், இல்லை. அதன் உரிமம் அப்போது சேகா என்ற வேறொரு விளையாட்டு நிறுவனத்திடம் இருந்தது. டல்லடேகா பாதையை எடுங்கள். வளைவுகளில் 33 பாகைச் சரிவு, ஒரு சுற்று 2.66 மைல். முன்னால் போகும் காரின் வாலை ஒட்டியே போனால் காற்றுத்தடை குறைந்து வண்டி தானாகவே பாயும். அந்த உணர்வை இவ்வளவு நேர்மையாகத் தந்த விளையாட்டை அதற்கு முன் நான் கண்டதில்லை.

கானாடுகாத்தான்காரன்:
ஓடிவிட்டது, அண்ணன்! அம்மான் மகனைத் தொலைபேசியில் அழைத்து இயந்திரச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். பொங்கலுக்கு வருகிறானாம்.